ராத்தாவின் பாதிச் சிரிப்பு

போன வெள்ளிக்கிழமை காலை, என் ராத்தாவின் – மூத்த சகோதரியின் – வாயோரத்தால் தேத்தண்ணி வழிந்தது.

துடைத்தார். மறுபடி குடித்தார். மறுபடியும் வழிந்தது. “கோப்பை சரியில்ல” என்று சிரித்தார் – சிரிப்பு முகத்தின் வலப்பக்கம் மட்டும்தான் வந்தது. இடப்பக்கம் அசையவேயில்லை.



அன்று பின்னேரம் ராத்தாவின் மகள் ஹஸ்னாவைப் பார்க்க நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்கள் உட்காரக் கதிரை அடுக்கத்தான் நான் போயிருந்தேன். குசினியில் வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது.

“ராத்தா, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“உனக்கென்ன விசரா? ராவு ஜன்னலத் திறந்து போட்டுப் படுத்தன், காத்துப் பட்டிரிக்கும். வாறவங்க வந்துட்டுப் போகட்டும். நாளைக்குப் பாப்பம்.”

அதற்குள் பக்கத்து வீட்டு மாமி எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். “சூடாக்கித் தேச்சா வாய் நேராகிரும் மனே!”

போவதா, பொறுப்பதா? முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். என் பயம் பாரிசவாதம் – ஒரு பக்கம் விழுந்துவிடுமோ என்று. ராத்தாவின் பயம் வேறு. ‘தாய்க்கு வாதமாம்’ என்று ஒரு சொல் ஊருக்குள் போனால் மகளின் கலியாணம் என்னாவது? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

ஹஸ்னா குசினியிலிருந்து வந்தாள். தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.

“உம்மா, அபாயாவப் போடுங்க. மாமா, ஆட்டோவக் கூப்பிடுங்க.”

“வாறவங்களுக்கு என்னடி சொல்ற?”

“உம்மாக்குச் சுகமில்ல எண்டு சொல்லுவம். பொய்யா?”

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், காரைதீவுப் பெண், ராத்தாவை உடனே உள்ளே எடுத்தார். நான் வெளியே. இருக்க முடியவில்லை. போன் கமராவில் என் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண் சின்னது... மூக்கும் கொஞ்சம் சரிவு... இது எப்போதும் இப்படித்தானா? வேர்க்கத் தொடங்கியது!

உள்ளே கூப்பிட்டார்கள். “புருவத்தை உயர்த்துங்கம்மா” என்றார் டொக்டர். வலது உயர்ந்தது, இடது உயரவில்லை. இடது கண் முழுதாக மூடவுமில்லை. நீட்டிய இரண்டு கைகளும் சமனாக நின்றன. பேச்சும் தெளிவாகவே இருந்தது. இன்னும் என்னென்னவோ சோதித்தார்கள்.

“பாரிசவாதம் இல்லை. முகத்து நரம்பு ஒண்டு பலவீனமாயிருக்கு. மருந்து தொடங்குவம். அநேகமா மெல்ல மெல்லச் சரிவரும். ஆனா கண் மூடுதில்ல, காயாமச் சொட்டு மருந்து விடவேணும்.”

ராத்தாவுக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. “அப்ப நாளைக்கு வந்திருக்கலாந்தானே டொக்டர்?”

“பாரிசவாதமா இருந்திருந்தா? அதை வீட்டில இருந்து கண்டுபிடிக்க ஏலாதும்மா. முகம் திடீரெண்டு கோணினா, கை சோர்ந்தா, பேச்சுக் குழறினா உடன வரவேணும். கொஞ்ச நேரத்தில தானாச் சரியாப் போனாலும் வரவேணும்.”

வாய் சும்மா இருந்ததா எனக்கு? “டொக்டர், என்ட முகமும் ஒரு பக்கம்...”

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். “இந்தப் படத்திலயும் இப்பிடித்தானே இருக்கிறீங்க ஐயா! ஆருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கொண்டு வந்தா கிளினிக்குக்கு வாங்க. திடீரெண்டு மாறினா ஓடி வாங்க.”

ராத்தா சிரித்தார் – பாதியாக.

முகம் கோணலா என்று கண்ணாடியிடம் கேட்டுப் பயனில்லை. எப்போதிருந்து என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல், வருகிற விருந்தாளிக்காக, ஊர் வாய்க்காக, எத்தனை பேர் ‘நாளைக்கு’ என்று படுத்துவிடுகிறோம்?

ராத்தாவுக்குச் சுகமில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றதற்கு நிந்தவூரார் “பிறகு சொல்றம்” என்றார்களாம். இதை எழுதும்வரை சொல்லவில்லை. ராத்தா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஹஸ்னாவிடமே கேட்டுவிட்டேன், “கவலையில்லையா புள்ள?”

உம்மாவின் கண்ணில் சொட்டு மருந்தை விட்டபடி சொன்னாள்:

“மாப்பிள வேற வரும் மாமா. உம்மா வேற வருமா?”