பெர்கமா அரங்கில் எண்பது வரிசை

முதல் நாளில் நடந்தவை:

1. விடியற்காலை டென்மார்க்கில் எங்கள் ஊரான ரண்டர்ஸிலிருந்து பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் காரில் போனோம். வழி முழுவதும் அம்மா பாஸ்போர்ட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
2. இஸ்தான்புல்லில் விமானம் மாறி இஸ்மிர்.
3. இஸ்மிரிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீற்றர், இரண்டு மணி நேரப் பஸ் பயணம்.
4. மாலை ஆறு மணிக்குப் பெர்கமா. விடுதிக்காரர் மெஹ்மெத் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்ததும் டேனிஷில் வரவேற்றார்.

அவர் இருபது வருடம் டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் வேலை செய்தவர். "அங்கே ரயில் பாலம்தான் மலை. நாளைக்கு உண்மையான மலை பார்ப்பீர்கள்" என்றார்.

"இவளுக்கு உயரம் என்றால் பயம். ஆனால் வேலை காற்றாலையில்" என்று அம்மா தன் டேனிஷில் போட்டுக் கொடுத்தார்.

உண்மைதான். நான் புதிதாகச் சேர்ந்த காற்றாலைப் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர். கோபுரத்தில் ஏறுவதற்கான பயிற்சியில், ஏணியின் எட்டாவது மீற்றரில் கை இறுகி நின்றுவிட்டேன். மறு தேர்வு விடுமுறை முடிந்து ஒரு கிழமையில். அதிலும் தவறினால் எனக்கு அலுவலக மேசைதான். பெர்கமாவில் பார்க்க வேண்டியவற்றுக்கு நான் போட்ட பட்டியலில், மலைச்சரிவில் உள்ள பண்டைய அரங்குக்கு எதிரே 'மேலிருந்து பார்த்தால் போதும்' என்று எழுதியிருந்தேன்.

இரண்டாம் நாள், காலை 8.30. ஊருக்குள்ளேயே நிற்கும் செங்கல் கோயில். எகிப்தியத் தெய்வங்களுக்காக ரோமர் கட்டியது, பிறகு தேவாலயமானது. அதன் அடியில் இரண்டு சுரங்கங்கள் வழியாக ஆறு இன்றும் ஓடுகிறது. ஆற்றைத் திருப்பாமல் அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் பார்க்கவே வரலாம்.

10.00. கேபிள் காரில் கோட்டை மலைக்கு. நான் கண்ணை மூடியிருந்தேன். நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பதினைந்து யூரோ. உச்சியில் பேரரசர் திராயானின் வெள்ளைப் பளிங்குக் கோயில். சற்றுக் கீழே சேயுஸ் பலிபீடம் இருந்த மேடையில் இப்போது மரங்கள்தான், பலிபீடம் பெர்லின் அருங்காட்சியகத்தில்.

11.15. ஒடுங்கிய கல் படிச்சுரங்கத்தால் வெளியே வந்தால் மலையே காலடியில் சரிகிறது. பத்தாயிரம் பேர் அமரும் அரங்கு, ஏறத்தாழ எண்பது வரிசை, பண்டைய அரங்குகளிலேயே மிகச் செங்குத்தானவற்றில் ஒன்று. பிடித்து இறங்கக் கம்பி இல்லை. மேல் வரிசையில் அமர்ந்து, பட்டியலில் சரி அடையாளம் போட்டேன்.

அம்மா அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை, நாள் முழுக்க நடப்பவர். ஒன்பது நிமிடத்தில் கீழே நின்றார்.

"சுபா! இன்னும் மேலையோ இருக்கிறாய்?" கீழே நின்று பேசிய குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அம்மா, மெல்லக் கதையுங்கோ! எல்லாரும் பாக்கினம்."

"மெல்லத்தான் கதைக்கிறன். இந்தக் கட்டடம்தான் கத்துது! இறங்கி வா. இல்லாட்டி ஏணியிலை நிண்டு அழுததைச் சொல்லுவன்."

"நான் அழேல்லை! சொல்லுங்கோ, இஞ்சை ஆருக்குத் தமிழ் விளங்கும்?"

அம்மா டேனிஷில் சொன்னார். எனக்குப் பின்னால் இருந்த தம்பதி சிரித்தார்கள். டேனிஷ்காரர்கள்.

முகம் சூடாகிவிட்டது. பையில் மூன்று மீற்றர் அளவு நாடா இருந்தது. சும்மா இறங்க முடியாது, ஆனால் அளக்க முடியும் என்று தோன்றியது. முதல் படியில் குந்தி அளந்தேன்: பத்தொன்பது சென்ரிமீற்றர். எழுதினேன். அடுத்தது இருபத்தொன்று. அதற்கடுத்தது பதினேழு. டென்மார்க்கில் இப்படிப் படி கட்டினால் அனுமதியே கிடைக்காது. அந்த எரிச்சலிலேயே பத்து வரிசை இறங்கிவிட்டேன்.

முப்பதாவது வரிசையில் தவறிக் கீழே பார்த்துவிட்டேன். சிவப்புக் கூரைகள், சமவெளி, காற்று. அப்படியே படியில் அமர்ந்தேன். 'நடுக்கம், இரண்டு நிமிடம்' என்று குறித்துக்கொண்டேன். நடுக்கம் நின்றது. நான் விழவில்லை. அடுத்த படியை அளந்தேன்.

இருபத்தாறாவது நிமிடத்தில் என் கால் தரையில் இருந்தது. மேலே அந்த டேனிஷ் தம்பதி கை தட்டினார்கள். அந்தச் சத்தமும் அப்படியே இறங்கி வந்தது.

"இப்ப எப்பிடி மேலை போறது?" என்றார் அம்மா.

"ஏறித்தான்."

நாடாவை எடுக்கவில்லை. ஒவ்வொரு பத்து வரிசைக்கும் வேண்டுமென்றே திரும்பிக் கீழே பார்த்தேன். பள்ளத்தாக்கு அழகாக இருந்தது, முதல் தடவையாக.

"நில்லடி பிள்ளை, மூச்சு வாங்குது!" என்று பாதி வழியில் அம்மா கூப்பிட்டார்.

"அம்மா, மெல்லக் கதையுங்கோ."

மாலை 4.00. ஊரின் மறுபக்கத்தில் அஸ்க்லெபியோன், ரோமர் காலத்து மருத்துவமனை. நோயாளிகள் நடந்த நீண்ட சுரங்கத்தின் குளிர்ச்சியில் நின்றபோதுதான் தொடைகள் வலிப்பது தெரிந்தது. வாசலில் தேநீர் இருபத்தைந்து லிரா. இரண்டு குடித்தேன்.

ரண்டர்ஸுக்குத் திரும்பிய மறு கிழமை பயிற்சிக் கோபுரத்தில் ஏறினேன். எட்டாவது மீற்றரில் ஒரு தடவை கீழே பார்த்தேன், தொடர்ந்து ஏறினேன். உச்சியிலிருந்து வயல்களும் கடலின் ஒரு கீற்றும் தெரிந்தன. சான்றிதழ் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை என் முதல் காற்றாலை.