தட்டு மாற்றிய சம்பந்தி

ரப்பர் பால் ஏற்ற வந்த லோரிக்காரர் வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "தாத்தா, உங்க சம்பந்தி போயிட்டாரு. நேத்துதான் எடுத்தாங்க."

எனக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. சம்பந்தி என்று இருந்தவர் ஒருவர்தான், மரியசூசை. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவரோடு பால்மரம் சீவியவர்களே, மாதா கோயிலில் அவரோடு முழங்காலிட்டவர்களே, உங்களுக்காக இதை எழுதுகிறேன். பல் விழுந்த பிறகுதான் எழுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் பெயரில் 'சூ' எழுதக் கை சுழலும்போது, இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம் வருகிறது.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி. ஓயாத தாகம், ஓயாமல் வெளியே போக வேண்டும். ஊரடங்கு நேரத்தில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போனவரைக் காவல்காரன் விளக்கடித்துப் பிடித்தான். "எத்தன தடவதான்யா போவ?" என்றானாம். "நீ புடிக்கிற வரைக்கும் போவேன்" என்றாராம் இவர். காலிலும் ஒரு புண் ஆறாமல் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பார்த்துவிட்டு, "மருந்து கொஞ்சம், வாய்க்கட்டு நிறைய. சோத்தக் குறை, சீனித் தேத்தண்ணிய விடு, கீரையும் மீனும் தின்னு" என்றார். சூசை அதைத் தன் பாணியில் மாற்றிச் சொல்லிக்கொண்டார்: "முதல்ல கீரைக்கு இடம். மிச்ச இடம் சோத்துக்கு." சில மாதங்களில் புண் ஆறிவிட்டது. மறுபடியும் பால்வாளி தூக்கினார்.

அப்புறம்தான் பொதுச் சமையலறை வந்தது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வீட்டில் அரிசி வைக்கவே தடை. எல்லோருக்கும் கொட்டகையில் வெந்த சோறு. அங்கேயே உட்கார்ந்து தின்று முடிக்க வேண்டும். சூசை, பாதிச் சோறு போதும் என்றார்.

"மீதி வயித்த யாரு ரொப்புறா? காட்டுக்காரனா?" என்று கேட்டார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

மறுநாள் முழுச் சோற்றையும் வாங்கி, தட்டில் மிச்சம் வைத்தார். "இந்த மிச்சம் யாருக்கு?" என்று கேட்டார்கள். வாங்காவிட்டாலும் சந்தேகம், தின்னாவிட்டாலும் சந்தேகம். வண்டியில் ஏற்றிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாத காலம் அது. டிரசர், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிப் பார்த்தார். நோயாளிக்கென்று தனிச் சட்டம் இல்லை என்று பதில் வந்தது.

எனக்கோ என் பங்குச் சோறு ஒருநாளும் போதாது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சோற்றை என் தட்டில் தள்ளினார், என் கீரையையும் கருவாட்டையும் அவர் தட்டில் தள்ளினேன். காவல்காரன் வரும்போது இரண்டு தட்டும் காலி. ஒருநாள் மண்டோர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா நடக்குது இங்க?"

"கல்யாணம் நடக்குது மண்டோர். இவரு கீரை பொண்ணு, என் சோறு மாப்பிள்ளை" என்றார் சூசை.

பெஞ்சே குலுங்கியது. மண்டோரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்துதான் நாங்கள் சம்பந்திகள். அவருக்கு ஆகாத சோற்றைத் தின்று நான் தேறினேன். என் கீரையைத் தின்று அவரும் தேறினார்.

பிறகு என்னைச் சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். புறப்படும் காலையில் எங்கள் மங்குத் தட்டுகளை மாற்றிக்கொண்டோம். நான் போன பிறகு பழைய தோட்டத்துக்குப் புதிய காவல்காரர்கள் வந்து ஆட்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்களாம். வேறு யாரிடமாவது தட்டு மாற்றச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். "என் வயித்துக்காக இன்னொருத்தன் கம்பி எண்ணணுமா லா?" என்று பதில் வந்தது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் சோறு முழுவதையும் தின்னத் தொடங்கிவிட்டார்.

புண் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். லயத்துப் பின்னால் பறித்த முருங்கைக்கீரையைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டேன். தின்னும் பொருள் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாதென்று, வாசலிலேயே துண்டை உதறிவிட்டார்கள். வெறுங்கையோடு போய் நின்றேன். அவர் காலில் பெரிய கட்டு.

"சோறு நல்லா ருசியாத்தான் இருக்கு சம்பந்தி. அதான் வருத்தம்" என்றார். கொஞ்சம் கழித்து, "அங்க உனக்குச் சோறு பத்துதா?" என்று கேட்டார்.

"பத்தல" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேலி சாத்துவதற்குள் நான் திரும்பியாக வேண்டும். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

இப்போது பொதுச் சமையலறையை மூடிவிட்டார்கள். அரிசி வீட்டுக்கே வருகிறது. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. தன் இஷ்டப்படி தின்னும் காலம் வந்தபோது புண் முற்றிச் சூசையின் காலையே எடுத்துவிட்டார்கள், இப்போது அவரும் போய்விட்டார். அந்த ஏற்பாடு இன்னும் கொஞ்சம் முன்னால் முடிந்திருக்கலாம். என்னை இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே விட்டிருக்கலாம்.

அவர் தட்டு என்னிடம் இருக்கிறது. நீல விளிம்பில் ஓரிடத்தில் மங்குப் பூச்சு பெயர்ந்திருக்கும். இன்று பானை நிறையப் பொங்கினாலும் கேட்பாரில்லை. ஆனால் அந்தத் தட்டில் முதலில் கீரையை வைக்கிறேன். மிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் சோறு.