பஸ்ஸில் கேட்ட என் வீட்டுக் கதை

வீட்டிலும் பிள்ளையோடு இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஜூன் மாத மீட்டிங்கில் மிஸ் சொன்னார். அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் நான் தமிழ் பேசுவதில்லை.

எனக்கு வருவதோ கம், ஈட், ஸ்லீப். தினமும் "ஹவ் வாஸ் ஸ்கூல்?" என்பேன். "ஃபைன், மம்மி" என்பாள். அதோடு சரி, வீடு அமைதியாகிவிடும்.

இன்று சாயங்காலம் மூலக்குளம் பஸ்ஸில் ஒரு சீட்டுதான் கிடைத்தது. அவளை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். அவள் பக்கத்து சீட்டில் துணிக்கடை யூனிஃபார்ம் சேலையில் ஒரு பெண்.

"இன்னா கண்ணு, ஸ்கூல்லாம் எப்படிப் போவுது?"

அவ்வளவுதான் கேட்டார். இவள் மடை திறந்துவிட்டாள்.

"எங்கூட யாரும் சாப்ட மாட்றாங்கக்கா. நான் மட்டும் மரத்தாண்ட உக்காந்துப்பேன். அப்ப ஒரு அணில் வரும்..."

"அய்யய்யோ, அப்புறம் இன்னா ஆச்சு?"

அணிலுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறாளாம். இட்லியில் பாதி அதற்குத்தானாம்.

எனக்கு இதில் எதுவுமே தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் வீட்டுக் கதையையோ ஒட்டுக்கேட்பது போல நின்றிருந்தேன்.

இறங்கியதும் தாங்க முடியாமல், "ஏண்டி, தனியாவா சாப்புடுற?" என்றேன்.

வாயில் விரல் வைத்துக் காட்டினாள். "மம்மி, நோ தமிழ்!"

'அப்புறம் இன்னா ஆச்சு' என்பதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அந்தப் பெண் கேட்ட மாதிரியே இருக்க வேண்டும்.