பங்களாவுக்குப் போன பால்

என் அக்காவுக்குப் பால் சுரப்பு அதிகம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் இதையெல்லாம் ஒளித்துப் பேச மாட்டார்கள். யாருக்குக் கைராசி, யாருக்கு வாய் நீளம் என்பதைப் போல இதுவும் ஊருக்கே தெரிந்த சங்கதி. வாய் நீளம் எனக்கு. எங்கள் அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். அக்காவின் மகன் பிறந்து நாலைந்து மாதம் ஆகியும் அவள் ரவிக்கை எப்போதும் நனைந்தே கிடக்கும். பையன் குடித்துக் குடித்துக் கிறங்கி, வாயோரம் வழிய வழியத் தூங்குவான்.

அந்த நாளில் டின் பால் என்பது கௌரவச் சாமான். லைனில் நாலு காசு பார்த்தவர்கள் சிவப்புக் காகிதம் ஒட்டிய டின்னை வாங்கி, காலியான பிறகும் தூக்கிப் போடாமல் வாசலில் தெரிகிற மாதிரி வைப்பார்கள். அந்தக் காகிதத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருக்கும். பிறகு அந்த டின்னே அரிசி அளக்கும் படியாகிவிடும். எங்கள் வீட்டில் டின் பால் வாங்கியதே இல்லை. எதற்கு வாங்க வேண்டும் என்று அத்தான் சிரிப்பார். அவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ரப்பர் பேல் ஏற்றி இறக்குகிறவர்.

ரப்பர் விலை லண்டனில் விழுந்தது என்றார்கள். அதை யார் போய்ப் பார்த்தது? அத்தான் பார்த்ததெல்லாம், கிள்ளான் துறைமுகத்துக்குப் போக ஷெட்டில் வந்து நிற்கும் பெட்டிகள் குறைந்ததைத்தான். முதலில் வாரத்தில் பாதி நாள் வேலை என்றார்கள். அப்புறம் யார் பெயரைக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்புறம் அத்தான் பெயரைக் கூப்பிடவே இல்லை. எனக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்கும் அதே ஷெட்டில்தான் வேலை. அந்தச் சம்பந்தமும் ரப்பரோடு சேர்ந்து விழுந்தது. முகம் பார்க்காத மாப்பிள்ளைக்காக நான் ஒன்றும் அழவில்லை.

காலம் எவ்வளவு கெட்டுவிட்டது என்பதை நான் தெரிந்துகொண்டது லைன் முனையில் இருந்த சீனர் கடையில். முழுச் சவுக்காரக் கட்டியை வாங்க ஆள் இல்லை என்றதும் கடை முதலாளி தவுக்கே அதைக் கம்பியால் அறுத்து விரல் தடிமனில் விற்றார். சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்றார். தீக்குச்சியைக்கூட நாலு, ஐந்து என்று எண்ணிக் கொடுத்தார். புழுங்கலரிசி மூட்டை இருந்த இடத்தில் நொய் மூட்டை வந்து உட்கார்ந்தது. கருவாட்டில் தலைக்குத் தனி விலை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனாலும் அந்த மனிதர் கடையைச் சாத்தவில்லை. எங்கள் கையில் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்குச் சாமானை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போனார். அதே சமயத்தில்தான் அலமாரியில் சிவப்பு டின்னுக்குப் பக்கத்தில் நீலக் காகித டின் ஒன்று புதிதாக முளைத்தது. அதிலும் ஒரு குழந்தை சிரித்தது.

வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் இலவசமாகவே ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியது. லைனில் தினமும் ஒரு வீடு காலியானது. கைக்குழந்தையோடு கப்பல் தட்டில் படுத்துப் போக மாட்டேன், அங்கே போனாலும் எந்த நிலம் நமக்காகக் காத்திருக்கிறது என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அத்தான் கிள்ளானுக்கு அப்பால் மேரு பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய், சாப்பாட்டுக்கும் கொஞ்சம் அரிசிக்கும் லாலான் புல் வெட்டினார். அது அவர் வயிற்றுக்கே சரியாகப் போனது.

அந்த நிலையில்தான் மருத்துவச்சி வந்தாள். பங்சார் ரோட்டுப் பக்கம் மேட்டில் ஒரு காண்டிராக்டர் பங்களா. அந்த வீட்டு அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டதாம். பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரோக்கியமான நம் சாதிசனத்துப் பெண் வேண்டுமாம். மாதச் சம்பளமும் சாப்பாடும் உண்டாம். அக்கா மகனைப் பார்த்தாள். மருத்துவச்சி அதைக் கவனித்துவிட்டு, "ஊரான் புள்ளைய ஊட்டி வளர்த்தா தன் புள்ள தானா வளரும்டி" என்றாள். இன்றைக்கும் என் எதிரில் யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

முதலில் அக்கா விடியலில் போய்ப் பொழுது சாய வருவாள். வந்ததும் பையனைத் தூக்கி மாரோடு வைத்துக்கொள்வாள். அவள் வேறு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பது பங்களா அம்மாவின் கண்டிஷன். தன் பிள்ளையும் அந்த வேறு பிள்ளையில் சேர்த்தி. ஒரு ராத்திரி பங்களாக் குழந்தை பசியில் வீறிட்டு அழ, அக்கா தன் பிள்ளைக்குப் பாலை மிச்சம் வைக்கிறாளோ என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா அங்கேயே தங்க வேண்டும் என்றாகிவிட்டது. சம்பளத்தன்று மட்டும் கொஞ்ச நேரம் வந்து போகலாம்.

அப்படி வரும்போதெல்லாம் அக்கா முகம் பளபளவென்று இருக்கும். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, நெய் ஊற்றிய சோறு என்று அங்கே அவளுக்கு ராஜ உபசாரம். ஒரு வாய்கூட மடியில் கட்டிக்கொண்டு வர முடியாது. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பாளாம். எங்கள் வீட்டு நொய்க் கஞ்சியைப் பார்த்து அக்கா தலை குனிந்துகொள்வாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

அங்கே நடந்த ஒன்றை அக்கா சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைக்கு டின் பால் கொடுத்தால் என்ன என்று காண்டிராக்டர் கேட்டதற்கு, கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பணக்காரப் பிள்ளைகளின் வயிறு பஞ்சு போல, அதற்கெல்லாம் டின் பால் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நானும் அக்காவும் பேசிச் சிரித்தோம். நம் பிள்ளைகள் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டோம்.

பையனுக்கு நான்தான் பால் கரைத்தேன். முதலில் சிவப்பு டின். சர்க்கார் வேலைகள் நின்று போய்க் காண்டிராக்டருக்கும் கை இறுகியபோது அக்காவின் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. ஊரெல்லாம் சம்பளம் குறைகிறதே, நான் மட்டும் எப்படி என்றாளாம் அந்த அம்மா. நான் சிவப்பு டின்னைக் கீழே வைத்துவிட்டு நீல டின்னை எடுத்தேன். தவுக்கே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "சாமா சாமா. இது மூரா" என்றார். இரண்டும் ஒன்றுதான், இது மலிவு என்று அர்த்தம். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய மருமகளும் அதே டின்னைத்தான் வாங்கிப் போனாள்.

நீல டின் பாலும் வெள்ளையாகத்தான் இருந்தது. தித்திப்பு கொஞ்சம் கூடுதல். பையன் சப்புக்கொட்டிக் குடித்தான். இரண்டு மாதத்தில் உப்பி, அந்தக் காகிதத்தில் இருந்த குழந்தை மாதிரியே ஆகிவிட்டான். கையில் மடிப்பு, தொடையில் மடிப்பு. பஞ்ச காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று லைன் முழுக்க வாய் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

முதலில் தெரிந்தது அந்திப் பொழுதில்தான். விளக்கேற்றினால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும், இவன் பார்க்கவில்லை. என் குரல் வந்த பக்கம் மட்டும் திரும்பினான். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு வெயிலில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தான். கருவிழி பளபளப்பு குறைந்து, தூசி படிந்த கண்ணாடி போல ஆனது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. வாய் கோணி, முகம் சிவந்து, குரல் கம்மும் வரை அழுவான். கன்னம் மட்டும் காய்ந்தே இருக்கும்.

கண்ணேறுதான் என்று லைனே தீர்ப்புச் சொன்னது. நான் இன்னும் பெரிய பிடியாக மிளகாய் சுற்றினேன். குறையவில்லை. மருத்துவச்சி வந்து இமையைப் பிரித்துப் பார்த்து, உடம்புச் சூடு கண்ணுக்கு ஏறிவிட்டது, தாய்ப்பால் விட்டால் குளிர்ந்துவிடும், பெற்றவள் பாலாக இருந்தால் ரொம்ப விசேஷம் என்றாள். இது புதிய வைத்தியம் இல்லை. கண் நோவு என்றால் நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். மருந்து புகட்டும் சங்கை எடுத்துக்கொண்டு நான் பங்களாவுக்கு நடந்தேன்.

அக்கா பின்கட்டில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சங்கில் பால் பீய்ச்சினாள். பங்களா அம்மா வந்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை. முகம் இளகித்தான் போனது. "கண்ணுக்குத்தானே? எடுத்துட்டுப் போ. தினமும் வந்து வாங்கிக்க" என்றாள். ஆனால் சங்கு பாதி நிறைந்ததும், "போதும், கண்ணுக்கு எவ்வளவு வேணும்" என்றாள். அக்கா நிறுத்திக்கொண்டாள்.

தினமும் போனேன். வீட்டில் பையனை மடியில் கிடத்தி, இமையைப் பிரித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டேன். கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தில் இறங்கி வாயோரம் வந்தது. அவன் நாக்கை நீட்டி நக்கினான். தலையைத் திருப்பித் திருப்பி அதைத் தேடினான். மருந்து வீணாகிறதே என்று நான் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் கண்ணில் விட்டேன்.

ஒரு காலையில் வலது கண் முழுக்க வெளுத்துவிட்டது. நான் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் யாரிடமும் கேட்காமல் அப்படியே ஓடி வந்தாள். இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அவருக்கு உதவியாக நின்ற தமிழ் டிரஸ்ஸர்தான் என்ன பால் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்த நீல டின் பாலில் வெண்ணெய்ச் சத்தை ஆலையிலேயே எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது சீனியும் வெள்ளைத் தண்ணீரும்தான், இந்தச் சதை வெறும் வீக்கம், கொழுப்பு இல்லை, கண்ணுக்குச் சத்துப் போகாமல் கருவிழி கரைந்துவிட்டது, வலது கண் இனி வராது, இடதும் சந்தேகம்தான் என்றார். தாய்க்குப் பால் இல்லையா என்று கேட்டார். அக்காவின் ரவிக்கை நனைந்திருந்தது, அவரே பார்த்துவிட்டார். பங்களாவையும் கண்ணில் பால் விட்டதையும் நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

"குடிக்க வேண்டியத கண்ணுல ஊத்தியிருக்கீங்களேம்மா" என்றார் அவர். திட்டவில்லை. அலுத்துப் போன குரல். அந்த மாதத்தில் எங்களைப் போல எத்தனை பேருக்கு அவர் சொல்லியிருப்பாரோ.

நாலைந்து நாள் அங்கேயே வைத்து மீனெண்ணெய் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்து பையன் உள்ளே இருந்த எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. உயிர் தங்கியது. இடது கண்ணும் போய்விட்டது. இனி டின் பாலே கூடாது, தாய்ப்பால் கொடு, இல்லையென்றால் கறந்த மாட்டுப் பால் கொடு என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அவனை மாரில் போட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் வைத்தாள். உறிஞ்சத் தெரியாமல், தித்திப்பு இல்லாமல், கையால் தள்ளி அழுதான். அந்த மணம் அவனுக்கு அந்நியமாகிவிட்டது. இரண்டு நாள் விடாமல் முயன்றாள். பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

ஆற்றோரம் மாடு கட்டியிருந்த பால்காரரிடம் விலை கேட்டேன். தினமும் அரைப் போத்தல் வாங்க அத்தான் வெட்டுகிற புல் காணாது. அக்காவின் சம்பளம்தான் வேண்டும். மூன்றாம் நாள் விடியலில் அவளே தலை சீவிப் புடவை கட்டிக்கொண்டாள். பையனை, சேதி கேட்டுத் தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தானிடம் விட்டுவிட்டு, அவள் துணி மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். வழியில் அவள் ஒரே ஒரு விஷயம் பேசினாள். பிள்ளைக்குக் கண் போனது தெரிந்தால் இவள் பாலில்தான் ஏதோ தோஷம் என்று வேறு ஆள் வைத்துவிடுவார்கள். தோட்டங்களில் வேலை போன பச்சை உடம்புக்காரிகள் எத்தனையோ பேர் இந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றாள். அழுகிறவள் பாலும் ஆகாது என்று அவர்கள் நம்புவதால் முகத்தைக் குழாயடியில் நன்றாகக் கழுவிக்கொண்டாள்.

பங்களா அம்மா பின்கட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். சொல்லாமல் ஓடியதற்காகச் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அவள் கையில் குழந்தை கிண்ணத்து மாட்டுப் பாலைத் துப்பிவிட்டுப் பசியில் கத்திக்கொண்டிருந்தது. அதன் கண்கள் அக்காவைப் பார்த்ததும் அழுகை நின்றது. கையை நீட்டித் தாவியது.

"உன் புள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"சரியாப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா அந்தக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.