பிளாஸ்டர்காரரின் பதினோரு மணி

பாத்திரத்தை மேசையில் மூன்று முறை தட்டுகிறார். டொக், டொக், டொக். பிறகு உள்ளே யாரோ குடியிருப்பதுபோல் அதனருகே காதைக் கொண்டுபோகிறார். குமிழிகள் மேலே வந்து உடைகின்றன. "இப்பத்தான் மூச்சு விட்டிருக்கு. செட் ஆகட்டும், யாரும் தொடாதீங்க" என்கிறார். காலை முழுக்க இதைப் பிளாஸ்டருக்குச் செய்கிற மனிதர், பதினோரு மணிக்குக் காபிக்கும் செய்கிறார்.

எங்களுடையது பொய்ப்பல் செய்யும் பட்டறை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சைப் பல் டாக்டர்கள் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எடுத்துக் கொடுப்பார். மெழுகுக்காரி அந்தத் தாடைமேல் மெழுகில் ஈறு கட்டிப் பல் வரிசை வைப்பாள். பாலிஷ்காரர் கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். எந்த வாய்க்கு எந்த நிறப் பல் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பத்திரிகைக்கு எழுதுவதால் 'இவர்', 'அவர்' என்று போடுகிறேன். மனசுக்குள் நான் வைத்திருக்கும் மரியாதை இவ்வளவு நீளமில்லை.

ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை வெள்ளைத் தூள். புருவத்திலும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பதால், எப்போதும் எதையோ கண்டு ஆச்சரியப்படுவது போன்ற முகம். செருப்பை வாசலில் விடும்போது இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். தாடைகளை ஆள்போலத்தான் பேசுவார். "இவருக்குக் கோபம் ஜாஸ்தி, பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேய்ச்சிருக்காரு." "இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுறாங்க, யாருகிட்டயும் சொல்லலை பாருங்க." என்னைப் 'பெரியம்மா' என்பார். எனக்கும் அவருக்கும் பதினைந்து வயதுதான் வித்தியாசம். அக்கா என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

அவர் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் இந்தப் பட்டறையின் பதினோரு மணி என்னுடையது. வீட்டிலிருந்து பெரிய பிளாஸ்க் நிறையக் காபி கொண்டுவருவேன். எல்லோரும் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு டம்ளருக்கு ஒரு கதை. காபி சுமாராக இருக்கும் நாளில் கதையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவேன். இருமல் வந்தவர் வாயிலிருந்து தெறித்த பல் செட், எதிரே போன பஸ்ஸில் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி, அதை நம்பவும் வைத்தவள் நான்.

இவர் வந்த மூன்றாம் வாரம், மூலையில் ஒரு கெட்டிலை வைத்தார். காபிக்கொட்டையைக் கையால் சுழற்றும் மிஷினில் அரைத்தார். பிளாஸ்டர் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் காபித் தூளுக்கென்று தனியாக இன்னொரு தராசு. தண்ணீர் சூட்டைப் புறங்கையால் பார்த்தார். "கொதிக்கிற தண்ணியை ஊத்தினா தூள் பயந்துரும், பெரியம்மா" என்றார். அறுபத்தைந்து வயதில் எனக்குக் காபி சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

அன்றைக்கு அடித்த வாசனையில் மெழுகுக்காரியின் மேசையிலிருந்த பல் செட் ஒன்று தானாக வாயைத் திறந்தது. நான் சத்தியம் செய்யத் தயார்.

ஒரு மாதத்தில் என் மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக மூலைக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் பட்டறையே அல்லவா மாறிப்போனது? எதிர்க்கடைக்குப் போய் அரைமணி நேரம் காணாமல் போகும் பாலிஷ்காரர் இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அவரும் மெழுகுக்காரியும் ஓர் உடைந்த பல்லுக்காக மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். டம்ளருக்குக் காத்து நிற்கும்போது, "நீங்க முதல்ல எடுத்துக்குங்க", "இல்லை, நீங்க எடுங்க" என்று ஆரம்பித்து, இப்போது அவள் வைக்கும் பல் வரிசை எங்கே உரசும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். சரியில்லை என்று டாக்டர்களிடமிருந்து திரும்பி வரும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இத்தனை வருஷம் நான் மீட்டிங் போட்டு நடக்காதது, அந்த மூலையில அஞ்சு நிமிஷத்துல நடக்குது." இத்தனை வருஷம் என்று சொல்லும்போது அவர் என் பிளாஸ்க்கைத்தான் பார்த்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. நிறம் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு பட்டை உண்டு. வெளுப்பிலிருந்து பழுப்பு வரை பதினாறு பொய்ப்பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் அதை அவர் காபிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடைசிப் பல், காலமெல்லாம் சுருட்டுப் பிடித்தவர்களுக்கென்று வைத்திருப்பது; அதன் வேர்ப்பக்கத்து நிறம். மறுநாள் வீட்டில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு என் காபியை அதே வேருக்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. மெழுகுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, "கலர் நல்லா இருக்குக்கா" என்றாள்.

அவர் தூளில் பிளாஸ்டர் கலக்கிறார், அதனால்தான் அந்தக் கெட்டித்தனம் என்றும் கிளப்பிப் பார்த்தேன். "அப்ப பல்லுக்கு நல்லதுதானேக்கா" என்று சொல்லிவிட்டுப் பாலிஷ்காரர் இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், அவர் ஒரு சொட்டுக் காபியும் குடிப்பதில்லை. "குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, பெரியம்மா. டாக்டர் தொடாதேன்னுட்டாரு. வாசனையோட சரி." ஒவ்வொரு டம்ளரையும் மூக்கருகே ஒரு கணம் வைத்துவிட்டுத்தான் கொடுப்பார். எனக்கும் தினமும் நீட்டுவார். "எங்கிட்ட இருக்கு" என்று பிளாஸ்க்கைக் காட்டுவேன். "சரி, பெரியம்மா" என்பார். மறுநாளும் நீட்டுவார்.

பெரிய பிளாஸ்க்கை விட்டு மூன்று டம்ளர் பிளாஸ்க்குக்கு இறங்கினேன். ஒன்று நான் குடிப்பேன். மீதியைக் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு டாக்டர்களிடம் நிறம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். நாலு மணிக்குத் திரும்பினால் பிளாஸ்க் காலி. தினமும் காலி. அந்த இரண்டு டம்ளர்தான் எனக்கு மிச்சமிருந்த மானம். என் காபிக்கும் இந்தப் பட்டறையில் ஓர் ஆள் இருக்கிறான். வெளியே சொல்லத்தான் வெட்கப்படுகிறான். முதலாளியாக இருக்கும் என்று முடிவு செய்து, ஆடுகிற என் நாற்காலியைப் பற்றி அவரிடம் புகார் சொல்வதைக்கூட நிறுத்தியிருந்தேன். "மூலைக்குப் போகாத நாக்கும் ஒண்ணு இங்க இருக்கு" என்று பிளாஸ்டர்காரர் காதில் விழும்படி சொன்னேன். "இருக்கும், பெரியம்மா" என்றார், தாடையைத் துடைத்துக்கொண்டே.

போன வியாழக்கிழமை நான் பார்க்க வேண்டிய நோயாளி வரவில்லை. இரண்டரைக்கே திரும்பிவிட்டேன். மற்றவர்கள் உள்ளறையில் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தால், கழுவுதொட்டி முன்னால் பிளாஸ்டர்காரர், கையில் என் பிளாஸ்க். மூடியைத் திருகினார். தொட்டிக்கு நேராகச் சாய்த்தார்.

மாட்டினாயடா என்று எனக்கு உள்ளுக்குள் மேளமே கொட்டியது. இத்தனை நாளும் கவிழ்த்துக் கொண்டிருந்தவன் இவன்தானா? கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். வார்த்தைகள்கூட வரிசையாக நின்றன.

சாய்த்த கையை நிமிர்த்தினார். தன் தண்ணீர் டம்ளரை எடுத்து அதில் ஊற்றினார். பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். புருவத்துத் தூள் உதிரும்படி முகம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி மொத்தத்தையும் குடித்தார். இன்னொரு டம்ளர் மிச்சமிருந்தது. அதையும் ஊற்றினார். அதையும் குடித்தார். குடித்துவிட்டு வெள்ளைக் கையை நெஞ்சில் வைத்து, பாத்திரத்தருகே காது கொடுப்பாரே, அதேபோல் தலையைச் சாய்த்து உள்ளே அடிப்பதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு பிளாஸ்க்கைத் துடைத்தார். நான் வைத்த இடத்திலேயே வைத்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, அதன் கைப்பிடியை, நான் வைத்திருந்ததுபோலவே, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனார்.