வண்டி மூச்சு வாங்கட்டும்

எங்கள் தெருவில் எஞ்சின் ஓடியபடி நிற்கிற வண்டி எதுவாக இருந்தாலும் போர்வையக்கா போய்க் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிடுவாள். இது பட்டறைத் தெரு. காலையிலிருந்து இருட்டும்வரை ஏதாவது ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டேதான் இருக்கும். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் வருவாள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அசைகிறாரா என்று பார்ப்பாள். அசைந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தைப்பாள். ஒருமுறை போனில் பேசிக்கொண்டிருந்த புது வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடிக்கு வெளியே கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போய் என்னிடம் ஓடிவந்தார்.

"அந்தம்மாவுக்கு என்ன சார் பிரச்சனை?"

"உங்க மேல அக்கறை. வேற ஒண்ணுமில்ல. உட்காருங்க."

அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், அக்காவைப் பற்றி வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நான் கோபக்காரன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கோபமெல்லாம் இல்லை. இத்தனை வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றதில் காது மந்தமாகிவிட்டது, அதனால் கத்திப் பேசுகிறேன். என்னுடையது ரோலர் ஷெட். வண்டியின் சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகள்மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, எஞ்சினுக்கு என்ன சக்தி இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுவேன். வாய் வார்த்தையை நான் நம்புவதில்லை. கோட்டை நம்புவேன்.

அக்கா என் கூடப் பிறந்தவள் கிடையாது. அவளுடைய அப்பா வைத்திருந்த சீட் கவர் கடை என் ஷெட்டுக்கு எதிரில் இருந்தது. அந்தக் கடையில் வளர்ந்து, அந்தக் கடையையே எடுத்து நடத்துகிறவள். அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பழகியதால், அவளைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்கு வந்த மெக்கானிக் எனக்கு மாமா ஆகிவிட்டார். டர்போ மாமா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டர்போ பழுது பார்ப்பதில் அவருக்கு மேலே ஆள் கிடையாது, அவரே அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடுவார்.

அக்காவுக்குப் போர்வையக்கா என்று பேர் வந்ததும் மாமாவால்தான். டர்போ என்பது நத்தை மாதிரி சுருண்ட இரண்டு இரும்புக் கூடுகள். ஒரு கூட்டுக்குள் எஞ்சினின் புகை பாய்ந்து சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். புகையின் வேகமே அதன் சூட்டில்தான் இருக்கிறது. சூடு வெளியே போய்விட்டால் தள்ளுகிற வேகம் குறையும். அதனால் சூட்டுப் பக்கத்து நத்தைக்கு மட்டும் தீப்பிடிக்காத துணியில் ஒரு மெத்தை தைத்துச் சுற்றிவிடுவார்கள். அதைத்தான் எங்கள் தெருவில் போர்வை என்போம். சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அதைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தவர் மாமா. அந்தத் துணியின் தூசி பட்டால் கை நமைச்சல் எடுக்கும், அக்கா முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு தைப்பாள். மற்றவர்கள் கம்பியால் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அக்கா கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிற மாதிரி அளவெடுத்து, கொக்கி வைத்துத் தைப்பாள்.

ஊருக்கெல்லாம் தைத்தவள் மாமாவின் காருக்கு மட்டும் ரொம்ப நாள் தைக்கவே இல்லை. மாமா கேட்கவும் இல்லை. ஒரு நாள் திடீரென்று கேட்டார். அவளும் சந்தோஷமாகத் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை உடனே அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். அவர்கள் வீடு மாடியில். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் காரின் கூரையும் பின் விளக்கும் தெரியும், ஆள் தெரியாது. முதல் நாள் அக்கா ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறாள், ஏன் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று.

"போர்வை போட்ட வண்டி. சூடு உள்ளேயே நிக்கும், பட்டுனு நிறுத்தினா எண்ணெய் கருகிடும். வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். நீ தண்ணி வை."

அவர் சொன்னதில் பொய் கிடையாது. வேகமாக ஓடி வந்த டர்போவை உடனே நிறுத்தக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவுக்கும் தெரியும். அதனால் தினமும் வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டதும் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். சத்தம் நின்றதும் டீத்தூள் போடுவாள். அவர் படியேறி வரும்போது டீ தயாராக இருக்கும்.

அந்தச் சாயங்காலம் சத்தம் நிற்கவில்லை. தண்ணீர் கொதித்தது. அடுப்பைக் குறைத்து வைத்தாள். இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்திருப்பார், சூடு அதிகமாக இருக்கும் என்று நினைத்தாள். டீயைப் போட்டாள், ஊற்றினாள், அது ஆடை கட்டியது. அதற்குப் பிறகுதான் இறங்கிப் போனாள். மாமா கண்ணாடியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மாரடைப்பு, உயிர் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் அக்காவின் காதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது: "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்."

வேறு எந்த வீட்டிலாவது வாசலில் வண்டி அவ்வளவு நேரம் ஓடியிருந்தால் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது சந்தேகமே வராத சத்தம்.

அக்கா அதன் பிறகும் கடைக்கு வந்தாள், தைத்தாள், வாடிக்கையாளர்களிடம் சிரித்தும் பேசினாள். காரை மாமாவின் தம்பி, அவளுடைய கொழுந்தன், எடுத்துப் போய்விட்டான். ஆனால் சாயங்காலம் ஆனால் வாசலில் எஞ்சின் ஓடுகிறது என்பாள். ஜன்னலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி கேட்கும். "பார்த்தா நிக்குது, பார்க்கலைன்னா ஓடுது" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள், ஏதோ பழுதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அடுப்பில் தண்ணீர் வைத்தால் அது கொதிக்கும்வரை ஜன்னலை விட்டு நகர மாட்டாளாம். அவளோடு தங்கியிருந்த தங்கை பயந்துபோய்த் தன் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

ஒரு நாள் காலையில் அக்கா என் ஷெட்டுக்கு வந்தாள். பின்னாலேயே கொழுந்தன் மாமாவின் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அக்காவின் கையில் செய்தித்தாளில் சுற்றிய போர்வை இருந்தது. சூட்டில் நிறம் மாறிப் பழுப்பாகியிருந்தது, தையல் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

"தம்பி கழட்டிட்டான். இதெல்லாம் சும்மா ஷோவுக்குன்னு சொல்றான்."

"நெட்ல பார்த்தேன் அண்ணி, எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றான் கொழுந்தன், தலையைச் சொறிந்துகொண்டு.

"நெட்ல நாலு பேர் சொன்னா நீ தலையையும் கழட்டிக் கொடுத்துடுவியாடா" என்றேன்.

அக்கா எங்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. போர்வையை மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் போட்டதுனாலதான் அவர் வாசல்ல உட்கார ஆரம்பிச்சாரு. அதனாலதான் நான் மேல சும்மா இருந்தேன். இது நான் தைச்சது. இதனால எஞ்சினுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டான்னு எனக்குத் தெரியணும். ஒண்ணுமே இல்லாததுக்கா அவரை அங்க உட்கார வெச்சேன்னு தெரியணும். எனக்காகப் பொய் சொல்லாதே."

பொய் சொல்லத்தான் நினைத்தேன். பிரமாதமான பலன் என்று சொல்லிவிட்டால் அவள் மனசு கொஞ்சம் ஆறும். ஆனால் திரையில் கோடு வரும்போது அவளும் பக்கத்தில்தான் நிற்பாள். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருந்தவளுக்குக் கோடு படிக்கத் தெரியும்.

முதலில் போர்வை இல்லாமல் ஓட்டினேன். ஆறவிட்டு, போர்வையைச் சுற்றி மறுபடி ஓட்டினேன். கொக்கிகளை அக்காவே மாட்டினாள். ஒரு ஓட்டத்தை நம்பக் கூடாது என்று இரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். போர்வை இருந்தால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, கோடு முன்னதாகவே மேலே ஏறுகிறது. பானெட்டுக்குள் வெக்கையும் குறைவு. ஆனால் உச்சிக்குப் போனதும் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. உச்ச சக்தியில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை.

"பலன் இருக்குக்கா. ஆனா கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"சிக்னல்ல நின்னு கிளம்பும்போது தெரியும். சீக்கிரமா இழுக்கும். அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது."

அக்கா திரையையே பார்த்தாள். "கொஞ்சம் முன்னாடி கிளம்பும்" என்று அவளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனி ஒரு தரம் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். "டாக்டர் சொன்ன கொஞ்சமும் இதுவும் சரியாப் போச்சு."

கொழுந்தன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா கிளம்புவாள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை.

"அப்ப வாசல்ல எஞ்சினை நிறுத்தாம விடறது? அதுக்காவது முழுசா பலன் இருக்கா?"

அதை ரோலரில் சொல்ல முடியாது. ரோலரில் நான் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டுவேன், டர்போ சிவந்துபோகும், அதற்கு ஓய்வு கட்டாயம் வேண்டும். மாமா வீட்டுக்குப் போகிற வழியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, அந்த வழியிலேயே ஓட்ட வேண்டும். போர்வைக்கு அடியில் சூடு அளக்கிற கம்பியைச் செருகி, முள் காட்டுகிற மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். கொழுந்தன் ஓட்டினான். அக்கா பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

பெரிய சாலையில் முள் மளமளவென்று ஏறியது. வீட்டுப் பக்கம் திரும்பியதும் பள்ளிக்கூடம் வந்தது, வேகத்தடைகள் வந்தன, எதிரே லாரி வந்து ஒதுங்கி நின்றோம், பிறகு குறுகலான சந்துக்குள் நடை வேகத்தில் ஊர்ந்தோம். முள் இறங்கிக்கொண்டே வந்தது. வாசலில் நிறுத்தியபோது அது கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அந்தச் சீரான சத்தத்தில் மூன்று பேரும் மூச்சு விடவே பயந்து உட்கார்ந்திருந்தோம். முள் அதற்குமேல் இறங்கவே இல்லை.

மாமா தன் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற திட்டு ஞாபகம் வந்தது. சந்து வழியாக உருட்டிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முள்ளு என்ன காட்டுது?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"இறங்க இனிமே ஒண்ணுமில்லக்கா. ஊர்ந்து வந்ததுலேயே ஆறிடுச்சு. போர்வை இருந்தாலும் அப்படித்தான். இங்க நிறுத்தாம விடத் தேவையே இல்ல."

"அவருக்கு இது தெரியாதா?"

"தெரியும். அப்படி நிக்கிறவங்களை 'ஊர்ந்து வந்தவனுக்கு ஓய்வு எதுக்குடா, வாசல்ல தவம் கிடக்காதே'ன்னு திட்டுவாரு."

கொழுந்தன் எஞ்சினை அணைத்தான். அக்கா கதவைத் திறக்கவில்லை. அங்கிருந்தபடியே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். செங்குத்தான படி, நடுவில் ஒரு திருப்பம்.

"போர்வை கேட்ட மாசத்துலதான் கேஸ் சிலிண்டரைக் கீழ்வீட்டுப் பையனை விட்டுத் தூக்கச் சொன்னாரு. இடுப்பு வலின்னாரு. படி திருப்பத்துல நின்னு போன் பேசுவாரு. போன்ல எதிர்ப்பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்ல." நிறுத்தினாள். "மூச்சு வாங்கினது வண்டி இல்ல."

கொழுந்தன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதான். அக்கா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, நான் பார்த்தேயிராத கோபம்.

"படியேறித் தெம்பா வந்து நிக்கணும்னு கீழ உட்கார்ந்திருக்காரு. அதுக்குச் சாக்கு வேணும்னு என் கையாலயே போர்வை தைச்சு வாங்கியிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டீயைக் கீழ கொண்டு வந்திருப்பேனே. நான் என்ன வேத்து ஆளா?"

கொழுந்தன் உட்கார்ந்திருந்தும், டிரைவர் சீட்டில் மாமாவே இருக்கிற மாதிரி அங்கே பார்த்துத்தான் கேட்டாள். பிறகு இறங்கி, தனியாகப் படியேறிப் போனாள். திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

வாசலில் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. போர்வை தைப்பதை அவள் விடவில்லை. வாங்க வருகிறவர்களிடம் பலன் கொஞ்சம்தான் என்று சொல்லித்தான் கொடுக்கிறாள். எஞ்சின் ஓடியபடி நிற்கிற வண்டிகளைப் போய் எட்டிப் பார்ப்பதையும் விடவில்லை. ஆனால் இப்போது ஆள் அசைந்தாலும் திரும்பிவிடுவதில்லை, கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்கிறாள்.

போன வாரம் என் கண்ணாடியைத் தட்டினாள். ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அணைக்காமல், ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

"மூச்சு வாங்கறது வண்டியா, நீயா?"

"வண்டிதான்க்கா."

நான் எஞ்சினை அணைத்து, இறங்கி, அவள் முன்னால் நிமிர்ந்து நிற்கும்வரை அக்கா அங்கிருந்து நகரவில்லை.