படைக்காத பொங்கல்

மத சாமரஸ்யம், அதாவது மத நல்லிணக்கம், என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசி முதல் பரிசு வாங்கியவள் நான். ஆந்திராவிலுள்ள நகரியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பேச்சைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தது டீச்சரம்மா. மனப்பாடமும் கையை நீட்டி நீட்டிப் பேசியதும் மட்டும்தான் என்னுடையவை. எல்லா மதமும் ஒன்று, எல்லோர் ரத்தமும் சிவப்பு என்று நான் முடித்தபோது எல்லோருக்கும் முந்திக் கை தட்டியவள் பர்வீன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். எங்கள் தெருவின் கோடி வீடு அவர்களுடையது. அவளுடைய அப்பா பவர்லூம் மோட்டார் ரிப்பேர் செய்பவர். எங்கள் வீட்டு நான்கு தறிகளில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

பரிசு வாங்கிய மறுவாரமே எனக்கு நிஜமான பரீட்சை வந்தது. அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அண்ணனுக்கு டெங்கு. புதன்கிழமை திருப்பதிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ப்ளேட்லெட் என்ற வார்த்தை அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. காலையில் ஒரு நம்பர் சொல்வார்கள், சாயங்காலம் அதைவிடக் குறைவாக ஒரு நம்பர் சொல்வார்கள். அது எதுவரைக்கும் குறையலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பூஜ்யம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கும் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைனாவை அங்கே விட்டுவிட்டு அம்மா மட்டும் பஸ் பிடித்து வந்தாள். மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, பித்தளைச் சொம்புக்கும் நாமம் போட்டு, கோவிந்தா சொல்லி வீடு வீடாக அரிசி வாங்குவார்கள். அந்த அரிசியில் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பது வழக்கம். வருஷா வருஷம் சொம்பு எடுப்பது அண்ணன்தான். இந்த வருஷம் அவன் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் சொம்பு என் கைக்கு வந்தது.

"இருவத்தோரு வூட்டு அரிசின்னு வேண்டிக்கினு வந்துருக்கறேன். ஒண்ணு கூட கொறயக்கூடாது. ஒம்போதுக்கு ராகுகாலம், அதுக்குள்ள வந்துடு" என்றாள் அம்மா. நாமம் இடும்போது கோடு கொஞ்சம் கோணிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி இட்டாள்.

ஒவ்வொரு வாசலிலும் கோவிந்தா சொல்லிவிட்டு மனதுக்குள் நம்பரைச் சொல்லிக்கொண்டேன். இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது, திருப்பதி மலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் குழந்தை பிறந்த தீட்டு. எங்கள் தெரு, பின் தெரு, ஸ்டேஷன் பக்கம் எல்லாம் சுற்றி, மறுபடி எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது கணக்கு இருபதில் நின்றது. டீக்கடை டிவியில் மணி எட்டு ஐம்பது. ஒரே ஒரு வீடு. அந்த ஒரு வீடு கிடைக்காமல் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால்தான் என்று தோன்றியது.

தெருக் கோடியில் பர்வீன் நின்றுகொண்டிருந்தாள்.

"காலைலேந்து பாத்துக்கினு இருக்கறேன். மூணு தபா எங்க வூட்டத் தாண்டிப் போன. எங்க வூட்டுல மட்டும் ஏன் கேக்கல?"

நான் சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஸ்கூல்ல பேசும்போது மட்டும்தான் எல்லாரும் ஒண்ணா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் எனக்கு வினையாகிப் போனது. நான் பதில் தேடுவதற்குள் உள்ளே ஓடி அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆன்டி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் நிறைய அரிசியோடு வாசலுக்கு வந்தார். மற்ற வீடுகளில் ஒரு பிடிதான் போட்டிருந்தார்கள்.

"அண்ணனுக்கு இப்ப எப்டிம்மா இருக்குது? நாங்களும் துவா கேட்டுக்கினு இருக்கறோம்னு அம்மா கிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொண்டே சொம்பில் கொட்டினார். கோவிந்தா சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டை நெருங்கியதும்தான் சொம்புக்குள் பார்த்தேன். மேலே கிடந்த அரிசி நீளநீளமாக, மெலிசாக, வாசனையோடு இருந்தது. பிரியாணிக்குப் போடுகிற அரிசி. சாமிக்கு என்றதும் வீட்டில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துப் போட்டிருக்கிறார். மற்ற இருபது வீட்டுக் குட்டை அரிசியோடு அதை ஒளித்து வைக்க வழியே இல்லை. அம்மா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதைவிடப் பெரிய பயம், பெருமாளும் கண்டுபிடித்துவிடுவார்.

தறிக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, பாவாடையை விரித்து, நீள அரிசியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன். ஒரு பிடி சேர்வதற்குள் இன்னொரு யோசனை வந்து கையைப் பிடித்தது. இதை எடுத்துவிட்டால் கணக்கு இருபது ஆகிவிடுமே. எடுத்தால் வேண்டுதல் குறை, எடுக்காவிட்டால் சாமி குற்றம். திரும்பக் கொட்டினேன். மறுபடி பொறுக்கினேன். மறுபடி கொட்டினேன். ஒரு குரங்கிடம் சொம்பைக் கொடுத்திருந்தால்கூட இதைவிட ஒழுங்காகச் செய்திருக்கும். எல்லா மதமும் ஒன்று என்று கை நீட்டிப் பேசிய ஒரு வரிகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "ராகுகாலம் வருதுடி!" என்று அம்மா கத்தியபோது எல்லா அரிசியும் சொம்பில்தான் இருந்தது.

அம்மா முறத்தில் கொட்டினாள். கை நின்றது. ஒரு நீள அரிசியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பர்வீன் வூட்டுக்குப் போனியா?"

தலையை ஆட்டிவிட்டு, அடி எந்தக் கன்னத்தில் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் களைந்து உலையில் போட்டாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பொங்கல் இறக்கிய நேரத்தில் நைனா போன் செய்தார். ப்ளேட்லெட் இன்னும் குறைந்திருக்கிறதாம். அம்மா "சரி, சரி" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். என்னால்தான். அந்த அரிசியால்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அப்புறம் அம்மா ஒரு காரியம் செய்தாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, விளக்கேற்றி, எல்லாம் தயாராக இருந்தது. இலையில் பரிமாறுவதற்கு முன்னாலேயே ஒரு டப்பாவில் நான்கு கரண்டி பொங்கலை எடுத்து மூடி, பூஜை அலமாரிக்கு எட்டாமல் தூரத்தில் ஜன்னல்மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பெருமாள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமிக்கு முந்தி எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத சட்டம். படைக்கும் முன் விரலில் பட்ட வெல்லத்தை நக்கியதற்காகப் போன வருஷம் நான் சூடு வாங்காத குறை. அப்படிப்பட்ட அம்மாவே முந்தி எடுக்கிறாள் என்றால் அர்த்தம் ஒன்றுதான் என்று முடிவு கட்டினேன். பர்வீன் வீட்டு அரிசியின் பங்கைச் சாமி சோற்றிலிருந்து கழித்து வெளியே தள்ளுகிறாள்.

கற்பூரம் காட்டி முடித்ததும் அம்மா அந்த டப்பாவைத்தான் என்னிடம் கொடுத்தாள்.

"பர்வீன் அம்மா கிட்ட குடுத்துட்டு வா. இது படைக்கலன்னு சொல்லிக் குடு. மறக்காத சொல்லு."

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டில் இருப்பதிலேயே நல்ல அரிசியைக் கொடுத்தவர்களுக்குத் தள்ளி வைத்த சோறு. அதிலும் அதை வாய்விட்டுச் சொல்லிவேறு கொடுக்க வேண்டுமாம். அம்மாவின்மேல் அதுவரைக்கும் வந்திராத கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது: இப்படிச் செய்தால் அவர்கள் துவா கேட்பதை நிறுத்திவிடுவார்களே. பெருமாள் வேறு கோபமாக இருக்கிறார். அண்ணனுக்கு மிச்சம் இருந்தது அந்தத் துவா ஒன்றுதான்.

ஆன்டி கதவைத் திறந்ததும் டப்பாவை நீட்டி, மேடையில் பேசிய அதே தெளிவோடு சொன்னேன்.

"சாமிக்குப் படைச்ச பொங்கல், ஆன்டி. படைச்சதும் மொதல்ல உங்களுக்குத்தான் அம்மா எடுத்துச்சு."

ஆன்டியின் சிரிப்பு மாறவில்லை. ஆனால் டப்பாவுக்காக நீண்ட கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பர்வீன் மூடியைத் திறந்து, முந்திரி கண்ணில் பட்டதும் விரலை நீட்டினாள். ஆன்டி உருதுவில் ஏதோ மெதுவாகச் சொன்னார். பர்வீன் விரலை எடுத்துக்கொண்டாள். உள்ளே போன டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. வெறுமனே அனுப்பக்கூடாது என்று அதில் சர்க்கரை போட்டிருந்தார்.

"துன்னாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"துன்னாங்க. பர்வீன் ரெண்டாவது தபா கேட்டா."

அம்மாவின் முகத்தில் அந்த நான்கு நாளில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ப்ளேட்லெட் ஏறத் தொடங்கியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், பொய் சொல்லத் தெரியாத பர்வீன் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அம்மீ துன்ன வேணான்னுச்சு. எதிர் வூட்டுப் பசங்களுக்குக் குடுத்துட்டோம்." உங்கள் அரிசியை நாங்கள் துன்னோமே, எங்கள் பொங்கல் மட்டும் உங்களுக்கு ஆகாதா என்று சண்டை போட்டேன். தீபாவளி வரைக்கும் அவளோடு பேசவில்லை. அண்ணன் எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தபோது அவள் பார்க்க வந்தாள். நான் தறிக் கொட்டகையில் ஒளிந்துகொண்டேன்.

போன புரட்டாசியில் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைப்பதைப் பற்றிப் போனில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது திருப்பதியில் எனக்குத் தனி வீடு, வேலை எல்லாம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு முஸ்லிம் அக்காவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்றேன்.

"அப்ப அவங்களுக்கு மொதல்லயே எடுத்து வெச்சிடு. சாமிக்குப் படைச்சத அவங்க துன்னக்கூடாது, அது அவங்க சட்டம். படைக்கலன்னு வாயால சொல்லிக் குடு, இல்லன்னா சங்கடப்படுவாங்க" என்றாள் அம்மா, உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிற குரலில்.

ஜன்னல்மேல் வைத்த அந்த டப்பா என் கண்முன் வந்தது.

"சாமிக்கு முந்தி எடுத்தா தப்பில்லயாம்மா?"

"தப்புதான். ஒரு தபா எடுத்துட்டு ராத்திரி பூரா தூங்கல. உங்க அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தப்ப. அதுக்கின்னா பண்றது, அவங்க அரிசியும் சேந்த பொங்கலாச்சே."

அன்றைக்கு அம்மா யார் காலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் கேட்டாளோ அந்தப் பெருமாளின் சட்டத்தைத்தான் மீறியிருந்தாள். இன்னொரு வீட்டுச் சட்டம் கெடக்கூடாது என்பதற்காக, அவ்வளவு பயத்தோடு. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க 'படைக்கல' என்ற ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தையை நான்தான் மாற்றிச் சொன்னேன். இத்தனை வருஷம் பழகியும் இது தெரியாமல் போயிற்றே என்று ஆன்டி அம்மாவைப் பற்றி நினைத்திருப்பார். நினைத்தும், இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

இதை எல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பேசிக்கொண்டே போனாள்.

"அன்னிக்கு நான் எடுத்து வெச்சதாலதான் பர்வீன் ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துன்னா. நீதான வந்து சொன்ன?"

"ஆமாம்மா" என்றேன்.